நவம்பர் மழையில் ஈஸ்டாட்: வாலண்டரின் ஊரைத் தேடி

ஈஸ்டாட்டுக்குப் போவதென்றால் நவம்பரில் போங்கள். கோடையில் வரச் சொல்லும் சுற்றுலாக் கையேடுகளை நம்பாதீர்கள். சுவீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல்லின் நாவல்களை, போலீஸ் துப்பறிவாளர் கர்ட் வாலண்டர் வரும் கதைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஊரில் வெயில் எதற்கு? சுவீடனின் தென்கோடியில், ஸ்கோனேயில், பால்டிக் கடலோரம் இருக்கிற சின்ன ஊர் அது. மாலை நான்கு மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடுகிறது. காற்று குடையைப் பிடுங்குகிறது. ஊரைத் தாண்டினால் உழுத வயல்கள் சேறும் தண்ணீருமாகக் கிடக்கின்றன. சரியான சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் வாலண்டர் கார் ஓட்டித் திரிந்தது இந்தச் சாலைகளில்தான். அந்த நாவல்களில் பாதி இந்த வானிலைதான் என்று அங்கே நிற்கும்போது தெரிந்தது.

கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் போனேன். வழியில் டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம். 2000 ஜூலையில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 'தி பிரிட்ஜ்' என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் (2011-2018) இதன் நடுவில்தான் தொடங்குகிறது. இரு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் ஓர் உடல் கிடக்கும். இடுப்புக்கு மேலே ஒரு பெண், கீழே வேறொரு பெண். சுவீடனின் சாகா நொரேனும் டென்மார்க்கின் மார்ட்டின் ரோதேயும் சேர்ந்து துப்பறிந்தாக வேண்டும். தொடரின் ரசிகர்களுக்கு ஒரு தகவல்: ரயில் பாலத்தின் கீழ்த்தளத்தில் ஓடுகிறது, கார்கள் செல்வது மேல்தளத்தில். அந்தச் சாலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பஸ்ஸில் கடக்க வேண்டும். எனக்கு ரயிலே பிடித்திருந்தது. இரும்புச் சட்டங்களுக்கு இடையே சாம்பல் நிறக் கடல், தெற்கே லில்கிருண்ட் காற்றாலைகள். மொத்தம் 48 இருக்கின்றன. மழையில் சில மட்டுமே தெரிந்தன.

பாலம் தாண்டியதும் வரும் சுவீடன் நகரமான மால்மோவில் சாப்பாடு. அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நான் போனபோது ஒரு சுவீடிஷ் குரோனா நம் எட்டு, ஒன்பது ரூபாய். எதை வாங்கினாலும் மனம் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். காபிக்கும் இலவங்கப்பட்டை பன்னுக்கும் கொடுத்த பணம் நெடுநேரம் உறுத்தியது. அந்த நிலையில் மோலேவோங்கன் பகுதியில் 70 குரோனருக்குள் ஒரு ஃபலாஃபெல் ரோல் கிடைத்தது. சுடச்சுடப் பொரித்த கொண்டைக்கடலை உருண்டைகள், ஊறவைத்த முள்ளங்கி, பூண்டு மணக்கும் சாஸ், கை கொள்ளாத அளவு. மேற்காசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்த நகரத்துக்குக் கொடுத்த உணவு இது. சைவக்காரர்கள் சுவீடனில் பட்டினி கிடக்க வேண்டுமே என்று பயப்படவே வேண்டாம். ரயில் நிலையத்துக்கு எதிரே சவோய் ஹோட்டல் இருக்கிறது. சுவீடனின் துப்பறியும் கதை எழுத்தாளர்களான மாய் ஷோவாலும் பெர் வாலூவும் சேர்ந்து எழுதிய 1970ஆம் ஆண்டு நாவலில் ஒரு தொழிலதிபர் சுடப்படுவது அதன் உணவறையில்தான். 1965 முதல் 1975 வரை இருவரும் எழுதிய பத்து நாவல்களும் இல்லையென்றால் வாலண்டர் இல்லை. ஹோட்டலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே சாப்பிட என் பணப்பை இடம் கொடுக்கவில்லை.

இனி டாக்ஸி. ஈஸ்டாட்டிலிருந்து கோசெபெரியாவுக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. கடலோர மேட்டில் 59 பாறைகளைக் கப்பல் வடிவில் நட்டுவைத்த ஆலெஸ் ஸ்தேனார் அங்கேதான் இருக்கிறது. சுற்றுலாக் காலம் முடிந்தால் பஸ் அரிதாகிவிடுகிறது. மழையில் காத்து நின்றதுதான் மிச்சம். கடைசியில் ஏறிய டாக்ஸிக்கு 600 குரோனருக்கு மேல் கொடுத்தேன். ஓட்டுநர் சட்டத்தை மீறவில்லை. 1990இல் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். யார் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். வண்டியின் கண்ணாடியில் மஞ்சள் தாளில், மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான விலை ஒட்டியிருக்கும். ஊருக்கு ஒரே வண்டி நிற்கும் மழைநாளில் எதோடு ஒப்பிடுவது? பயணியைக் கைவிட்ட சட்டம் இது. ஏறும் முன் அந்தத் தாளை மறக்காமல் படியுங்கள். ஆயினும் ஆலெஸ் ஸ்தேனாருக்குப் போனதற்காக நான் வருந்தவில்லை. 67 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல் கப்பலின் முனையில், கடலைப் பார்த்தபடி, என்னைத் தவிர யாரும் இல்லை.

வாலண்டர் குடியிருக்கும் மரியா தெரு சாதாரண அடுக்குமாடி வீடுகள் இருக்கும் சாதாரணத் தெரு. அதைப் பார்த்து ஏமாந்ததாகச் சிலர் சொல்வார்கள். எனக்குச் சிலிர்த்தது. இந்த எழுத்துகளின் வலிமையே இந்தச் சாதாரணத்தில்தான் இருக்கிறது. சுவீடன் பிரதமர் ஊலோஃப் பால்மே 1986 பிப்ரவரியில் மனைவியோடு சினிமா பார்த்துவிட்டுத் தெருவில் நடந்துபோகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரமான நாடு என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. 1991இல் வந்த முதல் வாலண்டர் நாவலில் ஒரு வயதான விவசாயத் தம்பதி கொல்லப்படுகிறார்கள். கொலையாளி வெளிநாட்டவன் என்று செய்தி கசிந்ததும் அகதிகள் முகாமுக்குத் தீ வைக்கிறார்கள். கொலைகாரனைக் கண்டுபிடிப்பதைவிட, நல்ல மனிதர்கள் எப்படி இப்படி ஆனார்கள் என்ற கேள்விதான் மான்கெல்லை அலைக்கழித்தது. வேறு நிறத்தோடு அந்த ஊரில் நடக்கும்போது அந்தக் கேள்வி எனக்கும் நெருக்கமாக இருந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரவு அங்கேயே தங்குங்கள். புனித மரியா தேவாலயக் கோபுரத்திலிருந்து 9.15 முதல் கால் மணிக்கு ஒருமுறை காவலாளி கொம்பு ஊதுகிறார். ஊர் நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாம். இப்படி ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அதற்குள் கொலைகளை வைத்தாரே, அங்கேதான் மான்கெல்லின் மேதைமை!

படங்களில் கிறிஸ்டர் ஹென்றிக்சன் வாலண்டராக நடித்த சுவீடிஷ் தொடரையே பாருங்கள். கென்னத் பிரானாவின் பிபிசி தொடரும் ஈஸ்டாட்டில்தான் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு அழகு. ஆனால் ஊரார் எல்லோரும் ஆங்கிலம் பேசுவது என் காதில் ஒட்டவில்லை. மால்மோவிலிருந்து ஈஸ்டாட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரொக்கத்தைப் பல கடைகளில் வாங்குவதில்லை, கார்டு அவசியம். நாவல்களை 1991இலிருந்து வரிசையாகப் படியுங்கள். வாலண்டரின் கதையை முடித்துவைக்கும் 2009ஆம் ஆண்டு நாவலை மட்டும் அவசரப்பட்டு முதலில் எடுத்துவிடாதீர்கள்.