கேட்டிலிருந்து 22 எட்டு

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் பையனைக் கூட்டி வரப் போன இடத்தில், பள்ளி கேட்டிலிருந்து பெட்டிக்கடை வரை எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். 22.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்பது 2020-இல் வந்த மத்திய அரசு விதி.

கடை முகப்பில் 5 ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்துக்கு. பின்னால் ஒரு வாழைத்தார், பாதி கறுத்து.

"பழம் ரெண்டு நாள்ல போயிருதுங்க. இது மாசக்கணக்குல இருக்கும்" என்றார் கடைக்கார அக்கா.

2016-இல் கேரள அரசு பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டது. பெயர் பெற்ற உணவகங்களுக்கு மட்டும். அடுத்த வருஷமே ஜிஎஸ்டி வந்து அதை விழுங்கிவிட்டது. இருந்திருந்தாலும் இந்தச் சரத்தைத் தொட்டிருக்காது.

பிள்ளை குண்டானால் டாக்டரிடம் ஓடுகிறோம். அக்காவின் வாழைத்தார் நஷ்டத்தை எந்த டாக்டர் பார்ப்பார்? வரி போடுகிறவர், ரோடு போடுகிறவர், டாக்டர் மூவரையும் இந்தக் கடை பெஞ்சில் ஒருநாள் உட்கார வைக்க வேண்டும்.

ரோடு என்றது சும்மா இல்லை. வீடு அரை கிலோமீட்டர்தான். லாரிக்குப் பயந்து நானே பைக்கில்தான் போயிருந்தேன்.

"அப்பா, அஞ்சு ரூபா."

பழம் வாங்கிக் கொடுத்தேன். வீடு வரை பையன் பேசவில்லை.