தறி நிற்கும் நாட்கள்: ஒரு சிற்றலை நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2024, ஞாயிறு. குண்டடம்

நேற்றுப் பொழுதோடவே மச்சான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. சோமனூர் வீட்டில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்க வழியில்லை. வீட்டை ஒட்டி எங்கள் தறிக் குடோன், எதிரில் ஒன்று, பின்னால் ரேப்பியர் தறி போட்ட குடோன் ஒன்று. காதுக்குக் கேட்கும் தறிச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி, அதைச் சொல்லவில்லை. ரேடியோவைக் கெடுப்பது வேறு. பழைய தறி மோட்டார் அப்பாவி. எல்இடி பட்டை விளக்குகளுக்குள் இருக்கும் மலிவு டிரைவரும், புதுத் தறிகளின் இன்வெர்ட்டர் டிரைவும்தான் 49 மீட்டரில் தொடங்கி 19 மீட்டர் வரைக்கும் சிற்றலை வரிசைகள் முழுவதையும் இரைச்சலால் நிரப்பி வைக்கின்றன.

இங்கே காற்றாலைகள் சுற்றினாலும் அவ்வளவு தொந்தரவில்லை. சாளையின் முகட்டிலிருந்து கிணற்று மேட்டுத் தென்னை வரைக்கும் கம்பி இழுத்திருக்கிறேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டு வாங்கிய வைண்டிங் கம்பி. அந்த முனையை டெக்சன் பிஎல்-660 ரேடியோப் பெட்டியில் செருகிவிட்டால் உலகம் வந்துவிடும்.

முதலில் எப்போதும் 10,000 கிலோஹெர்ட்ஸ். சீனாவின் பூசெங்கிலிருந்து பிபிஎம் என்ற நேரக்குறி நிலையம் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டிருக்கும். 29-ஆம் நிமிடமும் 59-ஆம் நிமிடமும் மோர்ஸில் தன் பெயரைச் சொல்லி, பிறகு ஒரு பெண் குரல் சீனத்தில் பேசும். அது தெளிவாக வந்தால் கிழக்குத் திசை திறந்திருக்கிறது என்று பொருள். நேற்று நன்றாகவே வந்தது. ஆனாலும் கேட்க உட்கார்ந்தது மேற்குப் பக்கம்: ரேடியோ ருமேனியா இன்டர்நேஷனல். அரை மணி நேரம் குறிப்பெடுத்தேன். சின்போ 34333.

இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நிலையம் நம் இடத்தில் எப்படிக் கேட்டது என்று அறிக்கை எழுதி அனுப்பினால், கேட்டது எங்களைத்தான் என்று உறுதிசெய்து நிலையம் ஒரு கார்டு அனுப்பும். அந்த அறிக்கையில் போடும் மதிப்பெண்தான் சின்போ. சிக்னலின் பலம், பிற நிலையத்தின் இடையூறு, இரைச்சல், அலை பரவும் விதம், மொத்த மதிப்பு என்று ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எல்லாவற்றுக்கும் 5 போட்டு 55555 என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கார்டு வந்தும்விடும். அந்தக் கடிதத்தை நிலையத்தின் பொறியாளர் எதற்கு வைத்துக்கொள்வது? பக்கத்து அலைவரிசையில் யார் ஏறிக்கொண்டு வந்தார்கள், எத்தனையாவது நிமிடத்தில் ஒலி மங்கியது, இதுதான் அவருக்கு வேண்டியது.

அக்டோபர் 11, வெள்ளி. சோமனூர்

ஆயுதபூஜை. நேற்றுப் பொழுதோடவே தறிகளை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இன்று பொரி, சுண்டல், பூசணிக்காய். ஊரே நிசப்தம். இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மணி முறைப்பாள்.

என் ஆசை சின்னது. என்னிடம் இருக்கும் சமீபத்திய கார்டுகள் எல்லாம் குண்டடத்தில் கேட்டவை. தறிகளுக்கு நடுவில் இருக்கும் இந்த வீட்டில், இந்த மொட்டை மாடியில் கேட்டு ஒரு கார்டு வாங்க வேண்டும்.

இரைச்சல் மீட்டரைப் பார்த்தால் ஏறக்குறைய தோட்டத்து அளவுக்கு இறங்கியிருக்கிறது. நிலையங்களையும் காணோம்! நேற்று இரவே சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தப் புலத்தில் மோதியிருக்கிறது. ஜி1 முதல் ஜி5 வரையுள்ள அளவுகோலில் ஜி4. லடாக்கில் ஹான்லேயில் வானம் சிவந்து துருவ ஒளி தெரிந்ததாம். வானத்தில் மிக உயரத்தில் நம் சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கை இப்படிப்பட்ட புயல் கலைத்துவிடும். பிபிஎம் மட்டும் தட்டுத்தடுமாறி வந்தது. ஐரோப்பா பக்கம் வெறும் மூச்சுக்காற்று. மின்காந்தத்துக்கு ஆயுதபூஜை எல்லாம் தெரியாது.

அக்டோபர் 17, வியாழன்

அக்கா பையன் வந்திருந்தான். பொறியியல் படிக்கிறான். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு செல்போனை எடுத்தான்.

“மாமா, இதுக்கு எதுக்குங் கம்பியும் தென்னமரமும்? நெதர்லாந்துல ட்வென்ட்டே பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ரிசீவரையே இன்டர்நெட்ல போட்டுருக்காங்க பாருங்க. ருமேனியா எப்படி கேக்குது!”

கேட்டது. பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. 2008-லிருந்து யார் வேண்டுமானாலும் திருகிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள், அருமையான கருவி. எந்த நிலையம் எந்த நேரத்தில் இயங்குகிறது என்று சரிபார்க்க நானே அதைப் பயன்படுத்துகிறேன்.

“இதையே எழுதி அனுப்பிருங்க. கார்டு வந்துரும்.”

“கேட்டது நெதர்லாந்து, கண்ணு. கார்டு எதுக்கு சோமனூருக்கு வரோணும்?”

சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. சிலர் இப்படித்தான் அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கே ஆன்டெனா இருந்தது என்பதை மறைத்தால் அந்த அறிக்கைக்குப் பொருளே இல்லை. நிலையத்துக்குத் தன் நிகழ்ச்சி என்ன என்று தெரியும். அது எங்கே போய் விழுந்தது என்பதுதான் தெரியாது. உண்மையில், இப்போது தொலைவிலிருந்தே இயக்கும் ரிசீவர்களை வைத்து அதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நம் கடிதம் முன்போல் தேவைப்படுவதில்லை. அதனாலேயே பொய் எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

குளிர்காலப் பட்டியல் இன்று முதல். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் சிற்றலைக்காரர்களுக்கு வருடப்பிறப்பு. அலைவரிசைகள் இடம் மாறும். ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பதும் இன்றுதான். அதனால் பல நிகழ்ச்சிகள் நமக்கு ஒரு மணி தள்ளி வரும். தூக்கம் அதற்கேற்பக் கெடும்.

பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். பெங்களூர் எலஹங்காவில் ஆகாசவாணிக்கு 500 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன, கூப்பிடு தூரம்தான், அது ஏன் சில நேரம் ருமேனியாவைவிட மோசமாகக் கேட்கிறது? அலை சாய்வாக மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்குகிறது. உயர்ந்த அலைவரிசையில் நாம் அதன் தாண்டலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம். தலைக்கு மேலே போகிற பஸ் நமக்கு நிற்காது என்றேன். புரிந்துகொண்டான்.

அக்டோபர் 31, வியாழன்

தீவாளி நோம்பி. ஒறம்பரை நிறைய. ரேடியோ பீரோவில்.

நவம்பர் 3, ஞாயிறு, வெடியால

இன்னும் தூங்கவில்லை. எழுதிவிட்டுப் படுக்கலாம்.

தீவாளிக்குத் தறிக்காரர்கள் சொந்த ஊர்களுக்குப் போனால் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். தெற்கத்தி ஆட்களுக்கு பஸ்ஸும் ரயிலும் கிடைக்கிறபோதுதானே வர முடியும். அதுவரை குடோன்களில் விளக்குகூட எரியாது. நேற்று இரவு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்ப மரத்துக்குத் தற்காலிகமாகக் கம்பி கட்டினேன்.

பதினொன்றரைக்கு ருமேனியாவின் ஆங்கில ஒலிபரப்பு. இது நமக்காக அனுப்புவதே அல்ல, மேற்கு ஐரோப்பாவுக்கு. புகாரெஸ்டிலிருந்து இங்கே ஏறக்குறைய ஆறாயிரம் கிலோமீட்டர். முதல் ஐந்து நிமிடம் பேச்சு என்பது மட்டும் தெரிந்தது, என்ன பேச்சு என்று தெரியவில்லை. பிறகு மெல்ல எழுந்தது. செய்தி வாசித்தார்கள்; தலைப்புகள் மூன்றை முழுதாகப் பிடித்தேன். இடையில் நாட்டுப்புற இசை, வயலின். பன்னிரண்டு தாண்டி நிலையத்தின் பெயரைத் தெளிவாகச் சொன்னார்கள். ஒலி நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை மங்கி மங்கி வந்தது. மேல் பக்கத்தில் ஏதோ ஒரு அரபு நிலையம் உரசிக்கொண்டே இருந்தது. 24322 போட்டேன். 3 கொடுக்கலாமா என்று கடைசி எண்ணில் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

சோமனூர் மொட்டை மாடியில் கேட்டது. நம்ப முடியவில்லை.

நவம்பர் 4, திங்கள்

அறிக்கை எழுதினேன். பையனும் என்னோடு உட்கார்ந்து கேட்டதால் தனியாக ஒன்று எழுதினான். முதல் வரியிலேயே “நவம்பர் 2 இரவு 11.30 முதல் நவம்பர் 3 அதிகாலை 12.25 வரை” என்று ஆரம்பித்தான். அனுப்பும் முன் நிறுத்தினேன். நிலையத்துக்கு எழுதுவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணி கழித்தால் 18.00 முதல் 18.55 வரை, தேதி நவம்பர் 2 மட்டும். நம்ம ஊரில் வெடியால அஞ்சரைக்குத்தான் அவர்களுக்குத் தேதி மாறும். நள்ளிரவு தாண்டிக் கேட்கிற நிகழ்ச்சிகளில் இதைக் கோட்டைவிட்டால், அன்றைக்கு அப்படி ஒரு நிகழ்ச்சியே இல்லையே என்று அங்கே ஒருவர் பதிவேட்டைப் புரட்டி முழிப்பார்.

செல்போனில் பிடித்த ஒலித்துண்டையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினோம். மின்னஞ்சலிலேயே படமாகக் கார்டு அனுப்பினாலும் சரி என்று அவன் எழுதியிருக்கிறான். நான் அந்த வரியைப் போடவில்லை. எனக்குத் தாள் வேண்டும். அச்செடுத்து ஒட்டிக்கொள்வதைச் சேகரிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. பழைய ஆல்பத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். மேலே கிடந்தது அப்பாருவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம். தபாலாபீசில் வருடா வருடம் பணம் கட்டி முத்திரை வாங்கிய காலம். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது.

அதற்குக் கீழே என் பள்ளிக்கூடக் காலத்துக் கார்டுகள். மாஸ்கோ வானொலி. ரேடியோ பெர்லின் இன்டர்நேஷனல்: கிழக்கு ஜெர்மனியோடு சேர்ந்து 1990 அக்டோபரில் அதுவும் போய்ச் சேர்ந்தது. நெதர்லாந்து வானொலி சிற்றலையை விட்டது 2012-இல். பிபிசி தமிழோசைக்கு நான் எழுதிய கடிதங்களின் நகல்கூட இருக்கிறது. 1941-இல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்ற ராத்திரி நான் குண்டடத்தில்தான் இருந்தேன். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 முதல். அங்கே பேசிய சீனர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்கள், அதனாலேயே ஊருக்கு ஊர் நேயர் மன்றம் இருந்தது.

பையன் கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, தேதி இருக்குது, நேரம் இருக்குது, அலைவரிசை இருக்குது. எங்க கேட்டீங்கன்னு இதுல ஒண்ணுலயும் காணோமே?”

நானும் பார்த்தேன். பெர்லின் கார்டில் இல்லை. மாஸ்கோவில் இல்லை. இத்தனை வருடத்தில் அதைக் கவனிக்கத் தோன்றவில்லை. முகவரிப் பக்கத்தில் சோமனூர் இருக்கிறதே என்றேன்.

“அது போஸ்ட்மேனுக்கு மாமா.”

பதில் சொல்ல முடியவில்லை. அக்கா காபி கொண்டுவந்தாள்.

ஜனவரி 11, 2025, சனி

ருமேனியாவிலிருந்து பதில் வரவில்லை. இரண்டு மூன்று மாதம் ஆவது வழக்கம்தான். தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

பையனின் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்ததால் அடுத்த அறிக்கையில் ஒரு வரி சேர்க்கப் போகிறேன்: முடிந்தால் கேட்ட இடத்தையும் கார்டில் எழுதித் தாருங்கள் என்று. கேட்பதில் தப்பில்லை.

பொங்கலுக்குத் தறி நாலு நாள் நிற்கும். இந்த முறை டில்லி ஆகாசவாணி பவனின் அலைவரிசைப் பிரிவுக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். அவர்கள் கார்டு நன்றாக இருக்கும். தாண்டல் தூரத்தில் மாட்டாத கீழ் அலைவரிசையாகப் பார்த்துப் பெங்களூரைப் பிடிக்க வேண்டும். பையன் மாட்டுப் பொங்கலன்றே வருகிறானாம், தனி ரேடியோ வாங்கியிருக்கிறான். வேப்ப மரத்துக் கம்பியை எனக்குக் கொடுக்காமல் அவனே எடுத்துக்கொள்வான். இன்னொரு முனைக்குக் கொஞ்சம் வைண்டிங் கம்பி வாங்கி வர வேண்டும். திங்கட்கிழமைக்குள் காயில் கடைக்குப் போகாவிட்டால் அவர்களும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.