தொட்டில் வாங்கும் முன்

குழந்தைக்குத் தடுப்புக் கம்பி வைத்த தொட்டில் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் அலங்காரத்தையும் கடைசியில் பாருங்கள். முதலில் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அது 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தையின் உடம்பு நழுவி வெளியே வந்து, தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளலாம். நினைக்கவே பதறுகிறது.

அப்புறம் மெத்தை. அழுத்தினால் அமுங்குகிற மெத்தை நமக்குச் சுகம், கைக்குழந்தைக்கு ஆபத்து. முகம் புதைந்தால் திரும்பிக்கொள்ளத் தெரியாது. கெட்டியாக, சட்டத்தோடு ஒட்டினாற்போல இருக்கட்டும். ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த மெத்தை வேண்டாம்.

தலையணை, பொம்மை, கம்பியைச் சுற்றிக் கட்டுகிற மெத்துத் துணி எதுவும் உள்ளே வேண்டாம். "கம்பியில் இடித்துக்கொள்ளுமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இடித்தால் அழும், நாம் ஓடிப்போய்த் தூக்கலாம். மூச்சடைத்தால் அழக்கூட முடியாது.

யாராவது பாசத்தோடு பழைய தொட்டில் கொடுத்தால்? பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற வகை என்றால் வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்காவில் அதை 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். வேறு வகை என்றால் ஒவ்வொரு திருகாணியையும் ஆட்டிப் பாருங்கள். குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தட்டைக் கீழே இறக்கிவிடுங்கள்.