அதே படம், இன்னொரு பெட்டி

பார்சல் பிரிக்கிற நேரம் பார்த்து வீட்டில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். "இந்தப் படம்தான் ஏற்கெனவே இருக்கே?" வெளிநாட்டு டிவிடி, ப்ளூ-ரே, இசைத்தட்டு என்று கல்ட் படங்களை, அதாவது சிறு ரசிகர் கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடும் படங்களை, சேர்க்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. "இருக்கு, ஆனா இது வேற" என்று ஆரம்பித்தாலே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். நகராமல் நின்றவர் பாவம், முக்கால் மணி நேரம் மாட்டினார்.

வேற என்பது பொய் இல்லை. ஜார்ஜ் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' (1978) என்ற ஸோம்பி படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் திரையரங்கில் ஓடியது 127 நிமிடம். கான் திரைப்பட விழாவை ஒட்டித் தயாரான நீண்ட வடிவம் 139 நிமிடம். ஆங்கிலம் பேசாத நாடுகளுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோ தனியாக வெட்டித் தொகுத்தது ஏறக்குறைய 119 நிமிடம். அதில் நகைச்சுவை குறைவு, கோப்ளின் என்ற இத்தாலிய ராக் குழுவின் இசை அதிகம். மூன்றுக்கும் ரசிகர்கள் உண்டு. ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் படத்தை வைத்திருப்பதாக மற்ற இரண்டு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வதில்லை.

அர்ஜெண்டோவின் 'ஃபினோமினா' (1985) இன்னும் மோசம். இத்தாலிய வடிவம் 116 நிமிடம், வெளிநாட்டு வடிவம் 110, அமெரிக்காவில் 'க்ரீப்பர்ஸ்' என்ற பெயரில் வந்தது 83. பெயர் வேறாக இருப்பதால் புதுப் படம் என்று நினைத்து வாங்கிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் "இந்தப் பூச்சிகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று நிமிர்ந்து உட்காருகிறவர்கள் உண்டு. காசும் கொடுத்து, அரை மணி நேரப் படத்தையும் இழந்தாயிற்று.

பெயர் விஷயத்தில் இத்தாலியப் படங்களை எதிர்த்து நிற்க யாராலும் முடியாது. லூச்சியோ ஃபுல்ச்சியின் 'ஸோம்பி 2' (1979) கையில் கிடைத்ததும் முதல் பாகத்தைத் தேடிப் புறப்படுவார்கள். அது மேலே சொன்ன ரொமேரோ படம்தான். இத்தாலியில் அதற்கு 'ஸோம்பி' என்று பெயர் வைத்தார்கள், அது ஓடியதும் சம்பந்தமே இல்லாத இன்னொரு படத்துக்கு 2 போட்டுவிட்டார்கள். அந்த 2 அமெரிக்காவுக்குப் போனபோது எண்ணைக் கழற்றிவிட்டு வெறும் 'ஸோம்பி' ஆனது, பிரிட்டனில் 'ஸோம்பி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' ஆனது. மேற்கு ஜெர்மனியில், 'ஜாங்கோ' படத்தின் நாயகன் ஃபிராங்கோ நீரோ குதிரை ஏறினாலே பெட்டியில் 'ஜாங்கோ' என்று எழுதிவிடும் காலம் ஒன்று இருந்தது. அதனால் அட்டையில் இருக்கும் பெயரை வைத்துத் தேடவே கூடாது. மூல மொழித் தலைப்பு, இயக்குநர், ஆண்டு, இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் மேலே போகலாம்.

அடுத்த சண்டை பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் நிமிடக் கணக்கில் தொடங்கும். 120 நிமிடப் படம், ஐரோப்பிய டிவிடியில் 115 என்று போட்டிருக்கும். உடனே விற்றவருக்கு ஒரு காரசாரமான கடிதம் தயாராகும்: ஐந்து நிமிடத்தை யார் வெட்டியது? யாரும் வெட்டவில்லை. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 சட்டம் (பிரேம்), ஐரோப்பியத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறை 25 சட்டம். கூடுதல் சட்டத்துக்கு எங்கே போவது என்று யோசித்து, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். 25 நிமிடப் படம் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் ஏறக்குறைய 0.7 அரைச்சுரம் ஏறும். கம்பீரமான வில்லனுக்கு லேசாகச் சளி பிடித்து இப்போதுதான் குணமான மாதிரி இருக்கும். சுருதியை மட்டும் திருத்தி வெளியிட்டவையும் உண்டு, வேகம் அப்போதும் அப்படியேதான்.

கடிதம் எழுதுமுன் ஒரு பெருக்கல் போதும். பால் டிவிடியின் நிமிடத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பாருங்கள். திரையரங்கு நீளம் வந்துவிட்டால் வெட்டு இல்லை, வராவிட்டால் கடிதத்தைத் தாராளமாக அனுப்பலாம். இந்தக் கணக்கு தெரியாதவர்கள் ரொமேரோ படத்தில் நன்றாக வழுக்கி விழுவார்கள். 127 நிமிட அமெரிக்க வடிவம் பால் டிவிடியில் சுமார் 122 நிமிடம் ஆகிவிடும். "119க்குப் பக்கத்தில் வருகிறதே, அர்ஜெண்டோ வடிவம்தான்" என்று வாங்கிவிடுவார்கள். உண்மையான அர்ஜெண்டோ வடிவம் பாலில் 114 அளவில் நிற்கும். போதாக்குறைக்கு, வட்டை ஓட்டிப் பார்க்காமல் பழைய விளம்பரத்தில் இருந்த எண்ணை அப்படியே பின்பக்கம் அச்சடித்த நிறுவனங்களும் உண்டு. பிளேயர் காட்டும் நேரத்தை மட்டுமே நம்பலாம். ப்ளூ-ரேயில் பெரும்பாலான படங்கள் 24 சட்டத்திலேயே ஓடுவதால் இந்தத் தலைவலி குறைவு.

சரி, வடிவம் சரியானது, வெட்டு இல்லை, வட்டை ட்ரேயில் வைத்தாயிற்று. திரையில் "இந்த வட்டு உங்கள் பகுதிக்கு உரியதல்ல."

டிவிடிக்கு உலகத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியின் வட்டு இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டினார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. தென்கிழக்கு ஆசியா 3. லத்தீன் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 4. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. விமானத்துக்கும் கப்பலுக்கும் தனியாக 8 கொடுத்தார்கள், நடுவானில் யாரோ தவறான வட்டைப் போட்டுவிடுவார்களோ என்ற கவலை போல. ப்ளூ-ரே வந்ததும் ஏ, பி, சி என்று மூன்றாகக் குறைத்தார்கள். எளிதாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது, ஏனென்றால் கோடுகளை வேறு இடத்தில் போட்டுவிட்டார்கள். டிவிடியில் ஐரோப்பாவோடு இருந்த ஜப்பான் ப்ளூ-ரேயில் அமெரிக்காவோடு ஏ பக்கம் போய்விட்டது. லத்தீன் அமெரிக்காவோடு இருந்த ஆஸ்திரேலியா ஐரோப்பாவோடு பி பக்கம் வந்துவிட்டது. இந்தியாவுக்கு சி.

புதிதாக வாங்குகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஜப்பான் டிவிடியும் பிரிட்டன் டிவிடியும் 2தான், ஆனால் ஜப்பான் வட்டு அமெரிக்காவைப் போல என்டிஎஸ்சி (NTSC) ஒளிபரப்பு முறை, பிரிட்டன் வட்டு பால். பகுதி எண்ணும் ஒளிபரப்பு முறையும் வெவ்வேறு பூட்டுகள், ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. டிவிடி பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் பகுதிப் பூட்டு கழன்றுவிடும். மாதிரிக்கு மாதிரி அந்த எண்கள் மாறும். ப்ளூ-ரே பிளேயர் அவ்வளவு சுலபமாக மசியாது. பெரும்பாலும் உள்ளே கூடுதல் சில்லு பொருத்தியதை வாங்க வேண்டும். அப்படி வாங்கியதை இணையத்தோடு இணைத்து மென்பொருளைப் புதுப்பித்தால், பூட்டு மறுபடி விழுந்துவிடும் ஆபத்து உண்டு. "புதுப்பிக்கவா?" என்று பிளேயர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் விற்றவரைக் கேட்காமல் ஆம் சொல்லாதீர்கள்.

கணினியின் டிவிடி டிரைவ் இன்னும் கறார். பகுதியை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதாக வைத்ததில் அப்படியே நின்றுவிடும். சனிக்கிழமை ஜப்பான், ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா என்று மாற்றி மாற்றிப் பார்த்தவர்களின் டிரைவ் இரண்டு வாரத்தில் ஒரு நாட்டின் நிரந்தரக் குடிமகன் ஆகிவிடும்.

4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்குப் பகுதிப் பூட்டே இல்லை, நல்ல செய்தி. அதே பெட்டிக்குள் கூடுதல் காட்சிகளோடு வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம், அது கெட்ட செய்தி. படம் ஓடும், படம் எடுத்த கதை ஓடாது. பூட்டே இல்லாத ஐரோப்பிய வட்டிலும் பேட்டிகள் மட்டும் பால் முறையின் 50 ஹெர்ட்ஸில் இருந்தால், வட அமெரிக்காவில் விற்ற பல பிளேயர்கள் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இயக்குநர் நாற்பது நிமிடம் மனம் திறந்து பேசிக்கொண்டிருப்பார், உங்களுக்குக் கேட்காது.

சப்டைட்டில் பற்றி விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆங்கில ஒலி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஆங்கில ஒலியை வைத்தால் உள்ளூர் மொழி எழுத்தை அணைக்க முடியுமா என்பது இரண்டாவது. பிரெஞ்சு வட்டுகள் சிலவற்றில் முடியாது. மூல ஒலியைத் தேர்ந்தெடுத்தால் பிரெஞ்சு எழுத்து கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும், ரிமோட்டின் பொத்தான் வேலை செய்யாது. டிவிடியாக இருந்தால் கணினியில் விஎல்சி என்ற மென்பொருளில் போட்டு அணைத்துவிடலாம், அந்தத் தடையை அது கண்டுகொள்வதில்லை.

மொழி என்றதும் ஹாங்காங் வீசிடியை (வீடியோ சிடி) சொல்லாமல் போக முடியாது. படம் இரண்டு வட்டில் வரும், சரியாகச் சண்டை சூடுபிடிக்கும்போது முதல் வட்டு முடியும். அது கிடக்கட்டும். வீசிடியில் ஒலிக்கு இரண்டே தடம்தான், இடது, வலது. ஹாங்காங்கில் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள்: ஒரு பக்கம் கண்டோனீஸ், மறுபக்கம் மாண்டரின். விஷயம் தெரியாமல் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் நாயகன் ஒரு காதில் ஒரு மொழியிலும் மறு காதில் இன்னொரு மொழியிலும் ஒரே நேரத்தில் சபதம் எடுப்பான். பிளேயரில் எல்/ஆர் பொத்தானை அழுத்தி ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் சபதம் ஒன்றாகிவிடும்.

ஜெர்மன் பெட்டிகளை அழகுக்காக வாங்குபவர்கள் அட்டையின் இடது கீழ் மூலையில் இருக்கும் வயது முத்திரையைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். அங்கே சட்டப்படி அது குறைந்தது 1,200 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான படம் என்றால் சிவப்பில் 18. பதறாமல் உள்தாளை உருவிப் பாருங்கள். பல நிறுவனங்கள் மறுபக்கம் முத்திரை இல்லாமல் அச்சடித்திருக்கும், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இசைப் பக்கம் வந்தால் பைத்தியம் இன்னும் முற்றியது. 'பிளேட் ரன்னர்' (1982) படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலேயே இசைத்தட்டு பாலிடோர் நிறுவன வெளியீடாகக் கிடைக்கும் என்று போட்டார்கள். கடைக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரா மறுபடி வாசித்துப் பதிந்த தட்டு. படத்தின் இசையமைப்பாளர் வாஞ்செலிஸின் மூலப் பதிவு அதிகாரபூர்வமாக வந்தது 1994இல். இடையில் வந்த கள்ளப் பதிப்புகளை மட்டுமே தனி அலமாரியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பான் சிடி, எல்பி இசைத்தட்டின் இடப்பக்கம் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கு ஓபி என்று பெயர். விலை, தலைப்பு, கொஞ்சம் விளம்பரம், அவ்வளவுதான் அதில் இருப்பது. ஆனால் பட்டை இல்லாத தட்டின் மதிப்பு கணிசமாக இறங்கிவிடும். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் ஆர்வத்தில் பட்டையையும் சேர்த்துக் கிழிப்பது வழக்கமாக நடக்கும் விபத்து. ஜப்பான் பதிப்பில் கூடுதல் பாட்டு ஒன்றிரண்டு இருப்பதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. அங்கே உள்நாட்டு சிடியின் விலையைக் கடைக்காரர் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. இறக்குமதி மலிவாக வந்துவிடும். உள்ளூர் ஆள் அதை வாங்காமல் இருக்க ஒரு தூண்டில் வேண்டும்.

"முதல் பதிப்பு, 1986" என்று விற்பனைக்கு வரும் சிடியின் உள்வட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே ஐஎஃப்பிஐ (IFPI) என்ற எழுத்தோடு, அச்சிட்ட ஆலையைக் காட்டும் சிறு குறியீடு இருந்தால் பேச்சு முடிந்தது. அந்த முறை வந்ததே 1994இல். அட்டையில் "மேற்கு ஜெர்மனியில் செய்தது" என்று இருந்து வட்டில் அந்தக் குறியீடும் இருந்தால், அட்டையும் வட்டும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை.

பிரிட்டனில் பிளாக்பர்ன் பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் பல, விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்கல நிறமாக மாறிவருகின்றன. மேற்பூச்சு, உறைக் காகிதத்தின் கந்தகத்தைத் தாங்கவில்லை. கடைசிப் பாட்டில்தான் முதலில் கரகரப்பு வரும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவது. அப்படி ஒன்று கையில் இருந்தால் ரசிப்பதற்கு முன் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். டிவிடிக்கு முந்தைய பெரிய பட வட்டான லேசர் டிஸ்க்குக்கும் இதே போன்ற வியாதி உண்டு. இரண்டு பாதியை ஒட்டிய பசை வழியாக அலுமினியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, திரையில் வண்ணப் புள்ளிகள் பொரியத் தொடங்கும். புள்ளி இல்லாத வட்டு கிடைத்தாலும் நீண்ட ஓட்ட வகையில் ஒரு பக்கத்துக்கு 60 நிமிடம், மற்றதில் 30 நிமிடம்தான். படம் பார்ப்பதும் உடற்பயிற்சியும் ஒன்றாக நடக்கும்.

எல்பி வாங்கும்போது "தட்டை உறைக்கு வெளியே வைத்து அனுப்புங்கள்" என்று எழுதாவிட்டால், வழியில் குலுங்கும் தட்டு அட்டையின் ஒட்டிய விளிம்பை உள்ளிருந்து கிழித்துவிடும். மேலுறைக்குப் பிவிசி வேண்டாம். அதிலிருந்து கசியும் மென்மையாக்கி தட்டில் பனிபோல் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. பாலிப்ரொப்பிலீன் உறையும் செங்குத்தாக நிறுத்துவதும் போதும். தர மதிப்பீட்டில் "குட்" என்று எழுதியிருந்தால் மோசம் என்று பொருள் கொள்ளுங்கள். விஜி பிளஸ்ஸுக்கு (வெரி குட் பிளஸ்) கீழே எதையும் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இத்தனைக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மூலத் தலைப்பு, நாடு, பகுதி, பிளேயர் காட்டிய நிமிடம், பார்கோடு. பார்கோடு ஒன்றாக இருந்தாலும் மறுபதிப்பில் வட்டு மாறியிருக்கலாம் என்பதால் உள்வட்ட எண்ணையும் குறிக்க வேண்டும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். சீல் உடையாத பிரதிக்கு விலை அதிகம் என்பதால் திறக்க மனசு வராது. ஆகவே திறப்பதற்கென்று அதே பதிப்பில் இன்னொன்று வாங்குவார்கள்.