தீபாவளித் தையலும் திரும்பி வந்த பசியும்

29 செப்டம்பர் 2024, ஞாயிறு

காலையில் எடை 66.2 கிலோ. ஏப்ரலில் 74 இருந்தேன். உயரம் 154 செ.மீ. கல்லீரலில் கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று ரிப்போர்ட் கையில் வந்த அன்று தொடங்கியது இது. சோற்றைக் குறைத்தேன், காய் கூட்டினேன், காலையில் வைகைக் கரையோரம் நாற்பது நிமிடம் நடந்தேன். முதல் நான்கு மாதம் பெரிய கஷ்டம் தெரியவில்லை.

இப்போது மூன்று வாரமாக ஒரு புதுப் பசி. எட்டரைக்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தால் பத்தரைக்கே வயிறு கிள்ளுகிறது. மே மாதத்தில் இதே நான்கு இட்லி மதியம் ஒரு மணி வரை தாங்கியது. நேற்று கட்டிங் போடும்போது காதடைத்துப் போய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு இன்னும் 32 நாள். கையில் 41 ஜாக்கெட் இருக்கிறது, இன்னும் வரும். இந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதுதான் பயமாக இருக்கிறது. அதனால் தினமும் இல்லாவிட்டாலும் முடிந்தபோது எழுதி வைக்கிறேன். இதே பசியோடு இருக்கிற யாராவது படித்தால் துணையாக இருக்கட்டும்.

2 அக்டோபர், புதன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. பெரியவள் வீட்டில் இருந்தாள். கல்லூரியில் ஊட்டச்சத்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கொக்கி கட்டிக்கொண்டே அவளிடம் புலம்பினேன். முன்பு நான் சேர்ந்திருந்த ஒரு டயட் குழுவில், மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குத்தான் பசிக்கும், பசித்தால் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கட்டுப்பாடு போய்விட்டதோ என்று கேட்டேன்.

"அது அப்படியில்லம்மா, எடை குறைஞ்சா பசி கூடத்தான் செய்யும்" என்று போனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். 2011-ல் முடிவு வெளியானது. சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அவர்களுக்குக் கூடியது. போதும் என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் அடங்கவில்லை.

இன்னொரு கணக்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2016-ல் போட்டது. ஒரு கிலோ குறைந்தால் உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அதிகமாகக் கேட்கிறதாம். செலவழிக்கிற கலோரியோ கிலோவுக்கு இருபது முப்பது குறைகிறதாம். எனக்குக் கிட்டத்தட்ட எட்டு கிலோ. அப்படியென்றால் முன்னைவிட ஒரு முழுச் சாப்பாடு கூடுதலாகக் கேட்கிற உடம்போடுதான் நான் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன்.

கொழுப்புச் செல்கள் சுருங்குமே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை என்றும் சொன்னாள். அது எனக்கு உடனே புரிந்தது. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தாலும் உள்ளே துணியை வெட்டாமல் விடுவோம், எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம் என்று.

கேட்டுவிட்டு அழுதேன். இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

4 அக்டோபர், வெள்ளி

நவராத்திரி இரண்டாம் நாள். அளவு ரவிக்கை கொண்டுவந்த மூன்று வீட்டிலிருந்தும் சுண்டல் வந்தது. ஒரு கிண்ணம் பச்சைப்பயறு, இரண்டு கிண்ணம் கொண்டைக்கடலை. நாலு மணிக்கு அதை மட்டும் சாப்பிட்டேன். ஏழரை வரை வயிறு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் டீயும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டு ஆறு மணிக்கெல்லாம் மறுபடி எதையாவது தேடுவேன்.

மகள் சொன்னாள், பயறிலும் முட்டையிலும் இருக்கிற புரதம்தான் பசியை நெடுநேரம் தள்ளிப்போடும், அதோடு பயறில் நார்ச்சத்தும் இருக்கிறது என்று. சரி, நாளையிலிருந்து காலையில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, காய் நிறையப் போட்ட சாம்பார். சாம்பாரை ஊற்றித் தொட்டுக்கொள்வதற்குப் பதிலாகக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கப் போகிறேன்.

8 அக்டோபர், செவ்வாய்

நான்கு நாள் பார்த்தாயிற்று. பத்தரை மணிப் பசி பன்னிரண்டரைக்குப் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. ஒரு ஜாக்கெட் முழுதாகத் தைத்து முடிக்கிற நேரம் அது.

ஆனால் மாலை நேரத்து விஷயம் வேறு. அது பசியே இல்லை என்று இன்றுதான் பிடிபட்டது. வயிறு நிறைந்திருந்தாலும் வாய் நமநமவென்று இருக்கிறது. தெருமுனையில் பஜ்ஜி எண்ணெய் வாசம் வந்தவுடன் எழுந்துவிடுகிறேன். எனக்கு நானே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன். இப்போது ஒரு கிண்ணம் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் அது வயிற்றுப் பசி, உடனே சாப்பிட்டுவிட வேண்டும். வேண்டாம், பஜ்ஜிதான் வேண்டும் என்றால் அது வாயின் வேலை.

வாய் கேட்கும்போது எழுந்துபோய்க் கட்டிங் மேசையில் நின்றபடி வேலை பார்க்கிறேன். துணியில் எண்ணெய்க் கை படக்கூடாது என்பதால் கை தானாகக் கட்டுப்படுகிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் நமநமப்பு தணிந்துவிடுகிறது. வயிற்றுப் பசி அப்படித் தணியாது. நேரமாக ஆக ஏறும். இரண்டையும் ஒன்றாக நினைத்து இரண்டுக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன் முன்பு.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் வைத்தோம். பொரி, கடலை, அவல், வெல்லம். மாமனார் மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் மிஷின் போட்டுத் தைத்த காலத்தில் அங்கே இன்றைக்கு எவ்வளவு பொரி மலைபோல் குவியும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி பொரிகடலை சாப்பிட்டேன், வெல்லத்தோடு. நன்றாக இருந்தது. வேலை இல்லாத நாள், பகலில் தூங்கினேன்.

14 அக்டோபர், திங்கள்

ஒன்றைச் சொல்ல வேண்டும். ராத்திரி படுத்தபின் பிரியாணி செய்கிற வீடியோ பார்க்கிறேன். கறி தோசை ஊற்றுவதை, அல்வா கிண்டுவதை. ஒரு மணி நேரம் போவது தெரிவதில்லை. சமைக்கிற எண்ணமும் இல்லை, சாப்பிடப்போவதும் இல்லை.

மகளிடம் சொன்னபோது அவள் 1944-45-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொன்னாள். ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தியது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் கால்வாசி போயிற்று. அந்த ஆறு மாதத்தில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்திருக்கிறார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடுதான்.

அவர்கள் பட்டது எங்கே, என்னுடையது எங்கே. ஆனாலும் பட்டினி கிடக்கிற மனம் அடுப்பைத்தான் சுற்றும் என்று தெரிந்தபோது ஒன்று உறைத்தது. நான் மதியம் சாப்பிடுவது போதவில்லை. வேலை அவசரத்தில் அரைக் கிண்ணம் சோறும் கொஞ்சம் ரசமும் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். இன்று ஒரு கிண்ணம் சோறு, தட்டின் பாதி அவரைக்காய்ப் பொரியல், கீரைக் கூட்டு, மோர், ஒரு துண்டு மீன். உட்கார்ந்து மென்று சாப்பிட இருபது நிமிடம் ஆயிற்று. ராத்திரி வீடியோ பார்க்கத் தோன்றவில்லை. இது ஒருநாள் கதையா என்று பார்க்க வேண்டும்.

17 அக்டோபர், வியாழன்

எடை 67.1. மாதவிலக்கு நெருங்கும் நாட்கள். இனிப்பு இனிப்பு என்று மனம் அடித்துக்கொள்கிறது. இந்த வாரத்தில் பசி கூடுவதும் உடம்பில் நீர் கோப்பதும் எனக்கு எப்போதும் உள்ளதுதான், ஆனால் எண்ணைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் சாப்பிட்டேன். கையில் 63 ஜாக்கெட்.

20 அக்டோபர், ஞாயிறு

எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வெள்ளி இரவு இரண்டு மணி வரை தைத்தேன். ஒரு மணி வாக்கில் அத்தை தீபாவளிக்குச் சுட்டு வைத்திருந்த முறுக்கு டின்னைத் திறந்தேன். ஒன்று என்று எடுத்தது. எத்தனை என்று எண்ணவில்லை. நின்றபடியே, விளக்குப் போடாமல் தின்றேன். அதிரசமும் நான்கு. படுத்தபோது நெஞ்சு கரித்தது.

நேற்று காலை அதற்குத் தண்டனையாக ஒன்றும் சாப்பிடவில்லை. மதியமும் மோர் மட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நடுங்கியது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மறுபடி அதே டின்.

அத்தை பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் சூடாக ஒரு தோசை ஊற்றி, பருப்புச் சட்னியோடு கொண்டுவந்து வைத்து, "உக்காந்து சாப்பிடு தாயி. வயித்தக் காயப் போட்டா புத்தி நிக்காது" என்றார். இரண்டு தோசை சாப்பிட்டேன். கை நடுக்கம் நின்றது.

இன்று காலை வழக்கம்போல இரண்டு இட்லி, இரண்டு முட்டை. நேற்றையதை இன்று கழிக்கப் போவதில்லை. வெள்ளி இரவு நான் தின்றதைவிட, சனிக்கிழமை நான் பட்டினி கிடந்ததுதான் பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

22 அக்டோபர், செவ்வாய்

தூக்கம். இதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு வாரமாக நான்கு மணி நேரம், நான்கரை மணி நேரம்தான். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் கூடியிருக்கிறது, லெப்டின் 18 சதவீதம் குறைந்திருக்கிறது. அவர்கள் அதிகமாகக் கேட்டதும் இனிப்பும் உப்பு நொறுக்கும்தான். அதிரசமும் முறுக்கும்!

என் வீட்டுக்காரரிடம் பேசினேன். இனி புது ஆர்டர் எடுப்பதில்லை. ஹெம்மிங்கும் கொக்கியும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடலாம், ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியாயிற்று. லாபத்தில் கொஞ்சம் போகும். பதினொன்றரைக்கு மிஷினை மூடிவிட வேண்டும். தைக்கிறவர்கள் எல்லோரும் தீபாவளி மாதத்தில் பருத்துவதற்குப் பலகாரத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு இப்போது அந்த மாதத்துத் தூக்கத்தின் மேல்தான் சந்தேகம்.

26 அக்டோபர், சனி

லைனிங் துணியும் நூலும் வாங்க விளக்குத்தூண் போனேன். கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. திரும்பும்போது இருட்டிவிட்டது. வழியெல்லாம் கல்லில் கொத்துப் பரோட்டா கொத்துகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வாயில் எச்சில் ஊறிவிடும், சின்ன வயதிலிருந்தே.

கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பழைய சோறு கொடுத்தாலும் சாப்பிடுகிற பசி இருந்தது. பரோட்டா ஆசையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வருகிற நேரமும் உண்டு. கடையில் உட்கார்ந்தேன். ஒரு பரோட்டா, இரண்டு முட்டை ஆம்லெட், வெங்காயம் நிறைய. சால்னா கொஞ்சம். அவசரப்படாமல் பிய்த்துச் சாப்பிட்டேன். இருட்டில் நின்று தின்ற முறுக்கு எதுவும் நாக்கில் தங்கவில்லை. இந்த ஒரு பரோட்டாவின் ருசி வீடு வந்த பிறகும் இருந்தது.

ஐந்து நாளாக ஆறு மணி நேரம் தூங்குகிறேன். டின் பக்கம் போகவில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. கடைசி ஜாக்கெட் நேற்று இரவு ஒன்பது மணிக்குப் போய்விட்டது. மொத்தம் 78.

எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லியும் கறிக்குழம்பும். இரண்டு இட்லி, கறி நான்கு துண்டு. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பலகாரத்தில் பிடித்ததை மட்டும் எடுத்தேன்: ஒரு அதிரசம், பாதி லட்டு. பிடிக்காத மைசூர்பாகை மரியாதைக்காக வாயில் போடவில்லை. "என்னக்கா, டயட்டா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பெண். "வயிறு நிறைஞ்சிருக்கும்மா" என்றேன். உண்மையாகவே நிறைந்திருந்தது.

3 நவம்பர், ஞாயிறு

தராசை வெளியே எடுத்தேன். 66.4. ஐந்து வாரத்தில் 200 கிராம் கூடியிருக்கிறது. செப்டம்பரில் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். இந்த மாதம் முழுக்கப் பசி என்னோடு இருந்தது, 78 ஜாக்கெட்டும் போயிற்று, எடை நின்ற இடத்தில் நிற்கிறது. இன்னும் குறைக்க வேண்டும்தான். டிசம்பரில் சர்க்கரை அளவு பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன்.

மதியம் ஒரு அம்மா சேலையோடு வந்தார். அடுத்த மாதம் மகள் கல்யாணம். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது, "ரொம்ப மெலிஞ்சிட்டியே, உனக்குப் பசிக்கவே பசிக்காதா?" என்று கேட்டார்.

"பசிக்குதும்மா. முன்னவிட ஜாஸ்தியா பசிக்குது" என்றேன். டேப்பை அவர் தோளில் வைத்துக்கொண்டே, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். வெறும் டீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றார். பதினோரு மணிக்குத் தலை சுற்றும் என்றும் சொன்னார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கை அளவு எடுக்க மறந்துவிட்டேன், நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.