சோற்றுக்கை

என் தங்கையின் இடது கையைத் திருத்துவது வீட்டில் என் பொறுப்பாக இருந்தது. அவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பதின்மூன்று. சிலேட்டில் 'அ' எழுதத் தொடங்கியதும் பென்சில் தானாக இடது கைக்குப் போய்விடும். நான் அடிமட்டத்தால் மணிக்கட்டில் ஒன்று வைப்பேன். அவள் அழமாட்டாள். கையை மாற்றிக்கொண்டு, நான் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருப்பாள். தையல் மெஷினில் இருந்தபடியே அம்மா, "நாளைக்கு இன்னொரு வீட்டில் போய் இடக்கையால் சாப்பிட்டால் யாரைக் குறை சொல்வார்கள்?" என்பார்.

1996இல் பிறந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு ஊரில் பதில் முடியாது. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். தங்கை பிறந்தது கிளிநொச்சியில். அவளுக்கு மூன்று மாதம் ஆனபோது அங்கிருந்தும் கிளம்பி மல்லாவிக்குப் போனோம். மூன்று முறை மலேரியா வந்தது. அவள் நடை பழகிய பிறகு அப்பா கொழும்புக்குப் போனார், கொழும்பிலிருந்து நோர்வேக்கு. 2002இல் நோர்வே நடுவில் நின்று போர்நிறுத்தம் வந்து, கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்த பிறகுதான் நாங்கள் அவரிடம் போய்ச் சேர முடிந்தது.

போய்ச் சேர்ந்த இடம் ஃபின்மார்க் மாகாணத்தில் போட்ஸ்ஃபியூர் என்னும் மீன்பிடி ஊர். நோர்வேயின் வடகோடி, சனத்தொகை இரண்டாயிரம் சொச்சம். மீன் தொழிற்சாலை வேலைக்காக அங்கே நமக்கு முன்பே தமிழர்கள் குடியேறியிருந்தார்கள். நவம்பர் கடைசியில் இறங்கினோம். முதல்நாள் காலை பத்து மணிக்கு அம்மா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "எப்போது விடியும்?" என்று கேட்டார். "இன்னும் இரண்டு மாதத்தில்" என்றார் அப்பா. பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தோம்.

தங்கை அப்பாவை ஒரு கிழமை வரை 'மாமா' என்று அழைத்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டாவது கிழமை ஆசிரியை என்னை அழைத்தார். எங்கள் வீட்டில் அரைகுறை ஆங்கிலமாவது எனக்குத்தான் தெரியும். பிள்ளை தவறான கையால் கடதாசி வெட்டுகிறாள் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் மேசையைத் திறந்து பச்சைப் பிடி போட்ட ஒரு கத்தரிக்கோலை எடுத்துத் தங்கையின் இடது கையில் கொடுத்தார். அவர் தவறு என்று சொன்னது வலது கையை. இடக்கைக்கென்று தனியாகக் கத்தரிக்கோல் செய்து விற்கிறார்கள் என்பதே எங்கள் வீட்டுக்குப் பெரிய புதினம். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கைக்கு அது வெட்டவில்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் ஒரு வருமானம் உண்டு: கொட் மீனின் நாக்கு வெட்டுவது. தொழிற்சாலையில் கழித்த தலைகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். தலையை நிமிர்ந்து நிற்கும் இரும்பு முளையில் குத்தி, தாடைக்குக் கீழே கத்தியை ஓட்டினால் நாக்கு கழன்று வரும். காசு பிள்ளைகளுக்கே. பத்து வயதில் தங்கை கணுக்கால்வரை தொங்கும் ரப்பர் அங்கி போட்டுக்கொண்டு நின்றாள். இடக்கைக்காரி ஆதலால், பக்கத்தில் நிற்பவரின் கத்தி முழங்கையில் பட்டுவிடாமலிருக்க, வரிசையின் கடைசியில் சுவரோரமாக விட்டார்கள். அவள் கை போன வேகத்தைப் பார்த்து அப்பா என்னிடம் மெதுவாக, "இனி அந்தக் கையை விடு" என்றார்.

அப்பாவுக்கு முதுகு முடியாமல் போக, 2008இல் ஒஸ்லோவுக்கு வந்தோம். குரூருட் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி. தங்கையின் குத்துச்சண்டைக் கழகம் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. பனிப்போர்க் காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கக் கட்டிய அறைகளை அங்கே இப்படி விளையாட்டுக்கும் கொடுப்பதுண்டு. அம்மா ஒருமுறை படியிறங்கி வந்து, அந்தத் தடித்த இரும்புக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பங்கர்" என்றார். அதற்குமேல் உள்ளே வரவில்லை. பங்கருக்குள் பால் குடித்த பிள்ளை காசு கட்டிப் பங்கருக்குள் போகிறாள் என்று வீடு வரைக்கும் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

முதல் கையுறை நாக்குக் காசில் வாங்கியது. பயிற்சியாளர் எல்லாப் பிள்ளைகளையும் இடது காலை முன்வைத்து நிற்கச் சொன்னார். இவள் வலது காலை வைத்தாள். அவர் திருத்தவில்லை, சிரித்தார். பலமான இடது கையைப் பின்னால் வைத்து நிற்பவர்கள் குறைவு. எதிராளிகள் பழகுவதெல்லாம் வலக்கைக்காரர்களோடு. குத்து வருகிற பக்கம் மாறினால் கொஞ்சம் தடுமாறுவார்கள். இதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் என் அடிமட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

குத்துச்சண்டை நோர்வேயில் சட்டவிரோதம் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். பாதி உண்மை. 1981இலிருந்து தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தடை இருந்தது. அமெச்சூர் போட்டிக்கு இல்லை. "அரசாங்கமே வேண்டாம் என்கிறது" என்று அம்மா ஐந்தாறு வருடம் அந்தப் பாதியை வைத்து வாதாடினார். வாதாடிக்கொண்டே கழகத்துக்கு உழைக்கவும் செய்தார். டுக்னாட் என்று ஒன்று இருக்கிறது: ஊருக்கோ கழகத்துக்கோ எல்லோரும் கூலியில்லாமல் கைகொடுக்கும் வேலை. நோர்வேக்கு வருகிறவர்கள் மொழிக்கு அடுத்தபடி படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். எங்கள் பங்கு, கழிவறைக் கடதாசியை மூட்டையாக வாங்கிக் கதவு கதவாக விற்பது. அம்மா அறிந்த முதல் முழு நோர்வேஜிய வசனம் "கழிவறைக் கடதாசி வேண்டுமா?" என்பதாகத்தான் இருக்கும். போட்டி நாட்களில் மற்றத் தாய்மார் வாஃபிள் சுட, அம்மா மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனார். வாஃபிளுக்கு முன்பே ரோல்ஸ் முடிந்துவிடும்.

தங்கை முதல் நான்கு போட்டிகளிலும் தோற்றாள். ஐந்தாவதில் வென்றாள். பத்தொன்பது வயதில் இடது உள்ளங்கை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். எட்டு மாதம் அந்தக் கையால் குத்தக் கூடாது. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். அவள் கட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மாலை மாலையாக மணல்பையை வலது கையால் மட்டும் குத்தினாள். முன்னால் நீளும் அந்தச் சிறிய குத்து, ஜாப், அவளிடம் அதுவரை பேருக்குத்தான் இருந்தது. "கடைசியில் சோற்றுக்கையைப் பழகினாய்" என்றார் அம்மா.

தொழில்முறைத் தடையை 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. 2016 அக்டோபர் 1ஆம் திகதி ஒஸ்லோ ஸ்பெக்ட்ரும் அரங்கில் செசிலியா பிரேக்ஹுஸ் சண்டையிட்டார். கொலம்பியாவில் பிறந்து, தத்துப்பிள்ளையாக பெர்கனில் வளர்ந்தவர். பிறந்த வருடமும் தடை வந்த வருடமும் ஒன்றே, 1981. உலகப் பட்டங்களை வெளிநாட்டு மேடைகளில் வென்றுவிட்டு, சொந்த நாட்டில் தொழில்முறையாக ஏற அவருக்கு முப்பத்தைந்து வயது ஆனது. நானும் தங்கையும் மேல்வரிசையில் இருந்தோம். இரண்டாம் சுற்றிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் படத்தைப் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பிள்ளை எந்த ஊர்?" பெர்கன் என்றாள் தங்கை. அம்மா தலையாட்டினார். அதன்பிறகு சட்டத்தை இழுக்கவில்லை.

2018இல் தங்கை தேசியப் போட்டியின் இறுதிக்கு வந்தாள். 51 கிலோ. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம், மேடையைச் சுற்றிப் புள்ளி போட ஐந்து நடுவர்கள். எதிராளி இடது கையைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்தப் பக்கம் முழுக்கக் கதவடைத்து நின்றாள். தங்கை ஒன்பது நிமிடமும் வலது கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று பேர் இவளுக்கு, இரண்டு பேர் அவளுக்கு. நடுவர் எந்தக் கையை உயர்த்தினார் என்று பிறகு பலரும் கேட்டார்கள், எனக்குத் தெரியாது. நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

இரவு வீட்டில் அம்மா பெரிய சட்டியில் சோற்றையும் கறிகளையும் போட்டுக் குழைத்து, உருண்டை பிடித்துக் கொடுத்தார். தங்கையின் வலது கை புட்டுக்குழல்போல வீங்கி, உறைந்த பட்டாணிப் பைக்குள் இருந்தது. அவள் இடது கையை நீட்டினாள்.

"மற்றக் கை" என்றார் அம்மா.

"அது வீங்கியிருக்கிறது அம்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "வாயைத் திற" என்றார்.