வெள்ளைப் பொடி

யோகோஹாமாவில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் தேநீரில் 'தோரோமி' என்னும் பொடியைக் கலந்து கொடுப்பது என் பிற்பகல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. கட்டி தட்டாமல் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால் தேநீர் கூழ் பதத்துக்கு வந்துவிடும். நான் அந்த வெள்ளைப் பொடியின் பொட்டலத்தைக் கிழித்ததுமே ஒரு பாட்டி மட்டும் சட்டைக் கழுத்தை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். (அங்கே யாரையும் பாட்டி என்று அழைப்பதில்லை, குடும்பப் பெயருடன் 'சான்' சேர்த்துத்தான் அழைப்போம். பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் இங்கே பாட்டி என்கிறேன்.) பிடிவாதம் என்று நினைத்துச் சில வாரங்கள் வற்புறுத்தினேன். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

மழை பெய்த ஒரு மதியம் அவரே சொல்லத் தொடங்கினார். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் சரணடைவை அறிவிக்கும் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தபோது அவருக்கு எட்டு வயது. அதே ஆண்டு மே 29 அன்று நடந்த அமெரிக்க விமானத் தாக்குதலில் வீடு எரிந்துபோனதால் குடும்பம் தகரக் கொட்டகையில் இருந்தது. அமெரிக்கப் படைகள் வருகின்றன, பெண்களை விடமாட்டார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. தாயார் பதினேழு வயது அக்காளின் கூந்தலைக் கத்தரித்து, முகத்தில் கரி பூசி, மலையோரம் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் 30 அன்று அட்சுகி விமானத்தளத்தில் இறங்கிய, நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் அன்றே யோகோஹாமாவுக்கு வந்து சேர்ந்தபோது, பாட்டியின் தெருவில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லையாம்.

அந்த அச்சம் முழுவதும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. படைவீரர்கள் செய்த பாலியல் வன்முறைகள் உண்மையாகவே நடந்தன. செப்டம்பரில் வந்த பத்திரிகைத் தணிக்கை விதிகளால் அவற்றைப் பற்றி நாளிதழ்கள் வெளிப்படையாக எழுதவும் முடியவில்லை. என்னை அதைவிட வருத்துவது ஜப்பானிய உள்துறை அமைச்சகம் செய்த காரியம்: சரணடைந்த மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 18 அன்று, அந்நியப் படையினருக்கெனப் பாலியல் விடுதிகளை ஏற்பாடு செய்யும்படி அது மாகாணங்களுக்கு உத்தரவிட்டது. 'நல்ல குடும்பத்துப் பெண்களை'க் காப்பதற்கு ஏழைப் பெண்களை வேலியாக நிறுத்தினார்கள். புன்னகைக்கும் வீரரையும் சாக்லேட்டுக்குக் கை நீட்டும் சிறுவர்களையும் காட்டும் புகைப்படங்களை மட்டும் பார்த்து அந்தக் காலத்தை அறிந்துகொண்டதாக நினைப்பவர்களிடம் இதை நான் எப்போதும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டியின் நினைவில் நின்றது சாக்லேட் அல்ல. 1946-இன் தொடக்கத்தில் பேன்களால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் பெருகியது. அந்த ஆண்டில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளானார்கள். அதைத் தடுக்க டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லிப் பொடியை மக்களின் தலையிலும் உடைக்குள்ளும் தெளித்தார்கள். பல இடங்களில் ஜப்பானியப் பணியாளர்கள் தெளித்தார்கள். பாட்டியின் பள்ளியிலோ ஓர் இளம் அமெரிக்க வீரர் பம்புடன் நின்றாராம். வரிசை நகர நகர 'நெக்ஸ்ட்' என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, பாட்டி கற்ற முதல் ஆங்கிலச் சொல் அதுவாயிற்று. பம்பின் முனை கழுத்துப் பட்டிக்குள் நுழைந்ததும் முதுகெல்லாம் குளிர்ந்தது, தலைமுடி கிழவிக்கு வெளுத்ததுபோல் வெளுத்தது. அந்தப் பொடி மூக்கில் ஏறி வீரரே அடுக்கடுக்காகத் தும்மியதில் பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவரும் சிரித்தார். மாலையில் வீட்டில் அதைச் சொன்னபோது அக்காள் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டாளாம். மலையோரத்திலிருந்து திரும்பிய அக்காள் எதைக் கண்டாள், எதைக் கேட்டாள் என்பதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் டோக்கியோ, யோகோஹாமா அடங்கிய கனகாவா, சிபா ஆகிய மாகாணங்களில் பள்ளி மதிய உணவு மீண்டும் தொடங்கியது. ஆசியாவுக்கான நிவாரணமாக அமெரிக்கத் தொண்டு அமைப்புகள் அனுப்பிய பொருள்களுடன் கொழுப்பு நீக்கிய பால் பொடியும் வந்தது. அதன் வாடை குமட்டும் என்றும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததாகவும், அந்தப் பால் இல்லாதிருந்தால் தம்பி பிழைத்திருக்கமாட்டான் என்றும் பாட்டி ஒரே மூச்சில் சொன்னார். தெளித்ததும் ஊட்டியதும் அவருக்கு ஒரே வெள்ளைப் பொடிதான். எது கொடுமை, எது கருணை என்று பிரித்துச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவரும் பிரிக்க முயலவில்லை.

மறுநாள் பராமரிப்புப் பதிவேட்டில், இவர் கண்முன் பொட்டலத்தைக் கிழிக்க வேண்டாம், சமையலறையிலேயே கலந்து கோப்பையில் கொண்டுவரவும் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் '1946' என்று மட்டும் குறித்தேன். விளக்கம் கேட்ட தலைமைப் பணியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னதும், தன் பாட்டியும் அந்தப் பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்தான் என்றார்.

அந்த வாரம் குளியல் நாளில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. முன்னால் இருந்தவரை உள்ளே அழைத்துச் சென்று நான் திரும்பி வருவதற்குள், கழுத்துப் பட்டியிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தபடி, பாட்டியே என்னைப் பார்த்து "நெக்ஸ்ட்" என்றார்.